நொட்டை சார் சேர்த்த ஆவி மாணவர்கள்

இந்த உலகத்தில் நொட்டை சாரைத் திருப்திப்படுத்திய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. கடற்கரைக்குப் போனால் காற்று ஒரு பக்கமாகவே அடிக்கிறது என்பார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை ஒரு பிடி பிடித்துவிட்டு, "எல்லாம் ஷோக்காதான் கீது, பெஞ்சு ஆடுது" என்பார். திருப்பதி போய் வந்தவரிடம் தரிசனம் எப்படி என்று கேட்டோம். "சாமி ஓகே, க்யூ சரியில்ல" என்றார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். சம்பளம் போட்ட கேஷியரைத் தவிர வேறு யாருக்கும் அது ஞாபகமில்லை.

ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் ஒரு மாலைக் கல்லூரி. நான் அங்கே ஒப்பந்த விரிவுரையாளர். தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த, இரண்டாயிரத்தின் தொடக்க காலம் அது. எங்கள் செயலாளருக்கும் இன்டர்நெட் ஆசை வந்து, ஏற்றுமதி இறக்குமதிப் பட்டயப் படிப்பு ஒன்றை ஆரம்பித்தார். வாரநாட்களில் பாடம் இன்டர்நெட்டில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரில் வகுப்பு. துறைமுகச் சரக்கை விடுவிக்கிற கிளியரிங் ஆபீஸ்களிலும் கன்டெய்னர் யார்டுகளிலும் வேலை பார்க்கிறவர்களுக்கான படிப்பு. லாரி வரிசையைத் தாண்டி எண்ணூரிலிருந்து ஒருவன் மாலை வகுப்புக்கு வந்து சேர்வதற்குள் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிடுவார். அதனால் யோசனை என்னவோ நல்ல யோசனைதான்.

பல்கலைக்கழகம் ஒரு நிபந்தனை போட்டது. இப்படிப் பாதி இன்டர்நெட்டிலும் பாதி நேரிலும் நடக்கிற படிப்பின் தரத்தை ஆராய்ந்து உறுதி செய்ய, தனியாக ஓர் அலுவலர் வேண்டும். செயலாளர் 'தரம்' என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எண்ணூர் பக்கம் சைக்கிள் டைனமோ செய்கிற தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து, வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு, வீட்டில் மனைவி வைக்கிற சாம்பாரை ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு மனிதரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார். சட்டைப்பையில் பூதக்கண்ணாடியோடு வந்து இறங்கினார் நொட்டை சார்.

என் தலைவிதி அந்தப் பூதக்கண்ணாடியின் கீழ் இருந்தது. என் வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் என் பாடங்களைப் பற்றி அவர் நல்லபடியாக அறிக்கை கொடுக்க வேண்டும். திருவொற்றியூரில் எனக்குப் பெண் பார்த்து, பூ வைத்தாகிவிட்டது. வருங்கால மாமனார் மட்டும் ஒரே பிடியாக நின்றார். "வேலை பர்மனென்ட் ஆவட்டும் மாப்ளே. ஆயிடுச்சுன்னா அடுத்த முகூர்த்தத்துலயே தாலி." ஆக, மாங்கல்யம் என் கையில் இல்லை, நொட்டை சார் கையில் இருந்தது.

முதல் நாளே என் பாடம் அடங்கிய சிடி ஒன்றை வாங்கினார். இன்டர்நெட் கிடைக்காதவர்களுக்காக நாங்கள் போட்டிருந்த சிடி அது. கம்ப்யூட்டர் இருந்த பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மொட்டை மாடிக்குப் போய், கீழே தெருவில் போட்டார். விழுந்த சிடி மேல் ஒரு ஷேர் ஆட்டோ ஏறிப் போனது.

"ஃபெயிலு" என்றார்.

"சார், அது பாடம் சார். டைனமோ இல்லை."

"அத்த நீ சொல்றே நைனா. கீழ வுழுந்தா ஒடையுதா இல்லியா?"

"உடையத்தான் செய்யும்."

"அப்பால இன்னா தரம் பேசிகினு கீறே?"

கீழே போய் சிடித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

அடுத்து, இன்டர்நெட் பாடம். திருவொற்றியூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், காசு கட்டி, முதல் பாடத்தைத் திறந்திருக்கிறார். முகப்பிலேயே என் புகைப்படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டிருந்தேன். கோட்டு, டை, எல்லாம் ஸ்டூடியோவில் இரவல். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"க்ளிக் பண்ணேன். ஒரு டீ சாப்ட்டேன். வந்து பாத்தா உன் முடி வந்துருந்துச்சு. ஒரு பஜ்ஜி சாப்ட்டேன். நெத்தி வந்துச்சு. மூக்கு வர்றதுக்குள்ள என் டைமு முடிஞ்சு, கடைக்காரன் எழுப்பி வுட்டான். உன் மூஞ்ச பாக்கத்தான் புள்ளைங்க துட்டு கட்டுதா?"

படத்தை எடுத்தேன். மாமனார் வீட்டில் பூகம்பம். "மாப்ளை இன்டர்நெட்ல வராரு" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்களாம். சொந்தக்காரர்களை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போய்க் காட்டினால், கோட்டு போட்ட மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் பாடத் தலைப்பு மட்டும் இருந்திருக்கிறது. "வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று அன்று மாலையே ஆள் அனுப்பினார்கள்.

இதற்கு நடுவில் ஆராய்ச்சி வேறு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து பசியோடு வெளியே வருகிறவர்களை நொட்டை சார் கேட்டில் நின்று மறிப்பார்.

"புரிஞ்சுதா?"

"நல்லா புரிஞ்சுது சார்."

"இன்னா புரிஞ்சுது, சொல்லு."

அவன் வானத்தைப் பார்ப்பான். இவர் என்னைப் பார்ப்பார். யார்டில் வேலை செய்யும் ஒரு பையன் மட்டும் மனம் விட்டுப் பேசினான். "சாரு வாய்ஸு ஷோக்கா கீது சார். நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து கேட்டா அப்டியே தூக்கம் வருது." நொட்டை சார் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் பாடம் முழுவதையும் திரும்பப் பதிவு செய்தேன், கத்திக் கத்தி.

இதெல்லாம் ட்ரெய்லர்தான். மெயின் படம் ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தது. எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து நொட்டை சார் அறிவித்தார்.

"இனிமே நானும் ஸ்டூடன்ட் மாதிரி உள்ள வருவேன். வேற வேற பேர்ல வருவேன். ஆம்பள பேர்ல வருவேன், பொம்பள பேர்ல வருவேன். கேள்வி கேப்பேன். எவன் பதில் சொல்றான், எவன் டபாய்க்கிறான்னு பாத்துகினே இருப்பேன். எந்தப் பேருன்னு மட்டும் கேக்காதீங்க."

எங்கள் படிப்புக்கு இன்டர்நெட்டில் கேள்வி–பதில் பலகை ஒன்று உண்டு. மாணவர்கள் கேள்வி போடலாம், ஆசிரியர் பதில் போட வேண்டும். அதுவரை அந்தப் பலகை பக்கம் நான் அதிகம் போனதில்லை. யாராவது கேட்டால், 'பாடத்தை மறுபடி படிக்கவும்' என்று போட்டுவிட்டு வந்துவிடுவேன். இப்போது தினமும் இரண்டு முறை அதைத் திறந்து பார்த்தேன். முருகேசன் என்ற பெயரைப் பார்த்தால் நொட்டை சாராக இருக்குமோ? ஃபாத்திமா? அந்தோணி? யாருடைய பெயரும் எனக்குப் பெயராகவே தெரியவில்லை. எல்லாப் பெயருக்குப் பின்னாலும் ஒரு பூதக்கண்ணாடி தெரிந்தது. ஒரு வரிக் கேள்விக்கு ஒரு பக்கப் பதில் எழுதினேன். 'அன்புள்ள முருகேசன் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, 'இன்னும் ஐயம் இருந்தால் தயங்காமல் கேட்கவும்' என்று முடித்தேன். ஒருவன் வெறும் 'ஹலோ' போட்டிருந்தான். அவனுக்கும் நலம் விசாரித்தேன்.

இந்தக் கூட்டத்தில்தான் செல்வராணி வந்து சேர்ந்தாள். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் ஃபைல் தூக்குகிறாளாம், டாக்குமென்ட் கிளார்க் ஆக வேண்டுமாம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அவள் போட்ட முதல் கேள்வியே இது: "சார், கப்பல் கெளம்புறது பத்தி பாடம்னு போட்டுகீது. கடைசி வரிக்கும் படிச்சிட்டேன், கப்பல் இன்னும் கெளம்பல." போய்ப் பார்த்தேன். உண்மைதான். நான் எழுதிய பாடத்தில் கப்பல் துறைமுகத்திலேயே நின்றிருந்தது.

எனக்குச் சந்தேகமே இல்லை. இவ்வளவு லட்சணமாக நொட்டை சொல்ல இந்த வட சென்னையில் ஒரே ஒருவரால்தான் முடியும். போதாததற்கு, செல்வராணி எந்த ஞாயிற்றுக்கிழமையும் வகுப்புக்கு வரவில்லை. எப்படி வருவாள்? நொட்டை சார் புடவை கட்டிக்கொண்டா வர முடியும்?

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த ரசீது யார் கையில் இருக்க வேண்டும்? இரண்டாம் பாடத்தில் ஒன்று சொல்லிவிட்டு ஐந்தாம் பாடத்தில் வேறொன்று சொல்கிறீர்களே, எது நிஜம்? நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, 'அன்புள்ள செல்வராணி அவர்களுக்கு' என்று பதில் எழுதிக்கொண்டே இருந்தேன். அவளுக்காகப் பாடங்களைத் திருத்தினேன். நிஜமான சரக்கு ரசீதுகளை வாங்கி வந்து, எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று படம் போட்டு விளக்கினேன். கப்பலைக் கிளப்பி அனுப்பினேன். கடைசியில் அவளிடமிருந்து வந்தது நாலே வார்த்தை: "இப்போ பரவால்ல சார். தேங்க்ஸ்." நொட்டை சார் வாயிலிருந்து 'பரவால்ல' வருவது மழைக்காலத்தில் வியாசர்பாடி சுரங்கப்பாதை காய்ந்து கிடப்பது மாதிரி. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அன்றே நிம்மதியாகத் தூங்கினேன்.

படிப்பின் முடிவில் வாய்மொழித் தேர்வு நாள். "செல்வராணி" என்று பியூன் கூப்பிட்டான். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி உள்ளே வந்து, "நான்தான் சார்" என்றார்.

நான் மெல்லச் சிரித்தேன். அடடா, ஆளையே செட்டப் செய்து அனுப்பியிருக்கிறாரே என்று தோன்றியது. என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்றும் தோன்றியது. கண்ணடிக்காத குறையாகக் கேட்டேன்:

"நடிக்கிறதுக்கு எவ்வளவு கொடுத்தார்?"

"இன்னாது?"

"எல்லாம் எனக்குத் தெரியும்மா. நொட்டை சார்தானே அனுப்பினார்?"

அந்தம்மா எழுந்து நின்றார். "யார்யா அவன் நொட்ட? எவன் குடுத்த துட்ட நான் வாங்கினேன்? ஞாயித்துக்கெழம ஆனா காசிமேட்டுல அம்மா கூட மீன் யாவாரத்துக்கு நின்னுட்டு, மிச்ச நாள்ல ஆபீஸ் வுட்டு வந்து கம்ப்யூட்டர் கடையில குந்திகினு படிச்சவ நானு. என்னப் பாத்தா நடிக்க வந்தவ மாதிரி கீதா ஒனக்கு?"

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சக ஆசிரியர் குறுக்கே வந்து தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். அத்தனை கோபத்திலும் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தம்மா மளமளவென்று பதில் சொன்னார், சரக்கு ரசீதில் எந்தக் கட்டத்தில் என்ன வரும் என்பது உட்பட. சொல்லி முடித்துவிட்டு நேராகப் புகார் கொடுக்கப் போனார். எங்கள் கல்லூரியில் புகாரை வாங்குகிறவர் யார்? வேறு யார்?

என் வேலையும் கல்யாணமும் ஒரே படகில் ஏறிக் கடலுக்குப் போவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. மறுநாள் நொட்டை சார் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா நைனா, ஒரு பொம்பளைய பாத்து, நான் துட்டு குடுத்து அனுப்புன ஆளுன்னு சொன்னியாமே?"

"சார், நீங்கதானே வேற வேற பேர்ல வருவேன்னு சொன்னீங்க..."

"சொன்னேன்."

"வந்தீங்களா இல்லையா?"

கொஞ்ச நேரம் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். "ஒரே ஒரு வாட்டி வந்தேன். அப்பால பாஸ்வேர்டு மறந்து பூட்ச்சி. எவன்கிட்ட கேக்கறது? மானம் பூடும்னு வுட்டுட்டேன்."

"அப்போ முருகேசன்?"

"அவன் எண்ணூர்ல கீறான்."

"ஃபாத்திமா? அந்தோணி? அந்த 'ஹலோ'?"

"அல்லாரும் ஸ்டூடன்ட்தான். நெசமான ஸ்டூடன்ட்டு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அவரை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் உடைகிறாரா என்று பார்த்திருப்பேன். எத்தனை மாதம்! எத்தனை 'அன்புள்ள'!

"அந்தப் பொம்பள கைல மன்னிப்பு கேட்டுடு" என்றார். "நேத்து புகார் எழுதிக் குடுத்துட்டு இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'ஆளு கொஞ்சம் லூசு சார். ஆனா கேட்டா பதில் சொல்றாரு. இதுவரிக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்ல'ன்னுச்சு. ரிப்போர்ட்டு எழுதிட்டேன். நீ பாஸு."

மன்னிப்புக் கேட்டேன். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணமும் நடந்தது. செல்வராணி பெரிய வஞ்சிர மீன் ஒன்றை மாமனார் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். டாக்குமென்ட் கிளார்க் ஆகிவிட்டாராம். நொட்டை சார் வந்தார், சாப்பிட்டார், "பொண்ணு ஓகே" என்று சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அதுவே பெரிய மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. மூலக்கொத்தளம் சுடுகாட்டில் நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது மேளக்காரர் ஓர் அடியைத் தவறவிட்டார். பழக்க தோஷம், அத்தனை பேரும் நொட்டை சாரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இன்றும் நான் இன்டர்நெட்டில் பாடம் நடத்துகிறேன், கேள்விகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கேட்டவர் பெயரை நான் முதலில் பார்ப்பதே இல்லை. பதிலை எழுதி முடித்த பிறகுதான் பார்க்கிறேன். அதுவரைக்குமாவது கேட்டது நொட்டை சாராக இருக்கட்டும்.