கைப்பிடி வைத்த மேஜை

அறைக்கதவைக் கழற்றுவது பெரிய காரியமில்லை. கழற்றிய கதவிலிருந்து கைப்பிடியைக் கழற்றுவதுதான் மைராம்பெக்கின் உயிரை வாங்கியது. துருப்பிடித்த திருகு அசைவேனா என்றது.

"விட்டுத் தொலைடா. மேஜையில கைப்பிடி இருந்தா துண்டு மாட்டிக்கலாம்," என்றாள் அக்கா புருலாய்.

பிஷ்கெக்கில் ஒரு பழைய ஐந்து மாடிக் குடியிருப்பில் அக்காவும் தம்பியும்தான். கல்யாணம் என்று யாராவது வாயெடுத்தால் தம்பி வெளியே ஓடச் செருப்பைத் தேடுவான். ஊரின் மறுகோடியில் இருந்த சிமெண்ட் கிடங்கில் அவனுக்குக் கணக்கு வேலை. தினமும் மினிபஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று போய்வந்து அலுத்துவிட்டது. வீட்டிலிருந்தே பார்க்கிற கணக்கு வேலை ஒன்று இருப்பதாக அக்காதான் துப்புக் கொண்டுவந்தாள். பெர்மெட் என்ற பெண் நடத்தும் நிறுவனம். சனிக்கிழமை காலை கணினியில் நேர்காணல். வீட்டில் தனியாக ஒரு மேஜை இருக்கவேண்டும், அதைக் கண்ணால் காட்டவும் வேண்டும் என்பது நிபந்தனையாம்.

கடையில் மேஜை விலையைக் கேட்டவன் நாற்காலி விலையைக் கேட்காமலே திரும்பினான். கையிலிருந்த காசுக்குப் பழைய ஆப்பிள் பெட்டிகள்தான் வந்தன. அதனாலென்ன? பெட்டிகள் கால், கதவு பலகை. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

"உயரம் ஜாஸ்தி. நாலு விரக்கடை குறை," என்றாள் அக்கா.

"நான் ஆறடிக்கா. முழங்கால் இடிக்கும்."

"இடிச்சா இடிக்கட்டும். சொன்னதைச் செய்."

அறுத்தான். ஒரு பக்கம் கூடுதலாக அறுந்து மேஜை சாய்ந்தது. மறுபக்கத்தை அறுத்தான், அது இந்தப் பக்கம் சாய்ந்தது. கடைசியில் கம்பளித் துண்டை மடித்துச் செருகியதும் ஒருவாறு நின்றது.

இப்போது மேஜை இருந்தது, கதவு இல்லை. சமையலறையில் அக்கா விடிந்ததிலிருந்து பூர்சோக் பொரிக்கிற எண்ணெய்ச் சத்தம் நேராகக் காதில் விழுந்தது.

"நேர்காணலுக்கு எதுக்குக்கா இத்தனை மாவு உருண்டை?"

"வேலை கிடைச்சா நாலு பேருக்குக் கொடுக்கவேணாமா? சத்தம் கேட்டா இதை மாட்டு," என்று பெட்டியிலிருந்து ஒரு சிவப்புத் திரையை எடுத்து வீசினாள். பூவேலை செய்த கல்யாணத் திரை. புதுப்பெண் வந்த வீட்டில்தான் அது தொங்கும். பெண் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள், பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாது. அவசரத்தில் மைராம்பெக்குக்கு அது வெறும் துணியாகத்தான் தெரிந்தது, கதவிருந்த இடத்தில் மாட்டினான்.

சல்லடை இரவல் கேட்டு வந்த எதிர்வீட்டு சூரா திரையைப் பார்த்தாள், பொரித்த வாசனையை முகர்ந்தாள், சல்லடையை வாங்காமலே படியிறங்கி ஓடினாள்.

சற்று நேரத்தில் கணினியில் பெர்மெட் வந்தாள். சிரித்த முகம், கணீரென்ற குரல்.

"கணக்குல நான் புலி மேடம்," என்றான் மைராம்பெக். "ஒரு சைபர் தப்பாது."

"நல்லது. காலையில டீ யார் போடுவாங்க?"

வீட்டிலிருந்து பார்க்கிற வேலையில் இதெல்லாம் கேட்பார்கள் போலும் என்று நினைத்தான். "நான்தான் மேடம்."

"கோபம் வருமா?"

"சுட்டுப்போட்டாலும் வராது."

வாசலில் ஏக இரைச்சல். ஒரு கையால் கல்யாணத் திரையை இழுத்துப் பிடித்து, முழங்காலால் மேஜையைத் தாங்கி, மைராம்பெக் கணினியைப் பார்த்துப் புன்னகைத்தான். கம்பளித் துண்டு நழுவியது. சூரா திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னாலேயே மாடிவாரியாகப் பெண்கள்.

"கமுக்கமா முடிச்சிட்டியேடா! பொண்ணை எங்க ஒளிச்சு வச்சிருக்கே?"

"பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல! வெளிய போங்கம்மா!"

சூரா மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு கணினியைப் பார்த்தாள்.

"அடியம்மா! இப்பல்லாம் பொண்ணை இப்படித்தான் கொண்டுவர்றாங்களா?" என்று, மணப்பெண் தலையில் போடக் கொண்டுவந்த வெள்ளை முக்காட்டைக் கணினியின் மேல் போர்த்தினாள். "நல்லாயிரு தாயி!"

"ஐயோ, அவங்க முதலாளி!"

முக்காட்டை இழுத்தான். மேஜை அவன் மடியில் சாய்ந்தது, கைப்பிடி விலாவில் குத்தியது. வலியைவிட வயிற்றெரிச்சல்தான் பெரிதாக இருந்தது. போச்சு, ஆயுசுக்கும் மினிபஸ்தான். கணினியை மட்டும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க மேடம், இவங்க தப்பா நினைச்சுட்டாங்க," என்றான்.

அக்கா பூர்சோக் தட்டோடு வந்து, அவன் கண்ணைப் பார்க்காமல் எல்லோருக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தாள்.

பெர்மெட் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "வேலை உங்களுக்குத்தான். ஆனா மேஜை எனக்குன்னு உங்க அக்கா போன மாசமே வாக்குக் கொடுத்துட்டாங்களே, நான் அந்தச் சிவப்புத் திரைக்குப் பின்னால வந்தப்புறம் நீங்க எங்க உக்காருவீங்க?"