தாய்மாமனுக்குக் கொழுப்பு

காலை பத்தே முக்கால். கருங்குழியில் பெண் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது கேசரி. பெரிய எவர்சில்வர் தட்டில், ஓரத்தில் நெய் தேங்கி, மேலே முந்திரி தெரிய இருந்தது. பெண்ணை அதற்கப்புறம்தான் பார்த்தேன்.

அக்கா மகன் பிரபுவுக்குப் பெண் உறுதி செய்யும் நாள். இரண்டு வருடம் தேடி அமைந்த இடம். இருவருக்கும் பிடித்துவிட்டது. பாக்கி இருந்தது கை நனைப்பது மட்டும். பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் எங்கள் ஆட்கள் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். முதல் வாய் எடுக்க வேண்டியவன் தாய்மாமன். அதாவது நான்.

என் ஈரலில் கொழுப்பு படிந்திருப்பது அதற்குச் சில மாதம் முன்பு, செங்கல்பட்டில் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. மாமல்லபுரத்தில் உட்கார்ந்தபடியே நாளிதழுக்குச் செய்தி எழுதி, சர்க்கரை டீயாலும் ராத்திரிப் பரோட்டாவாலும் வளர்த்த வயிறு அது.

"எடை குறைஞ்சா கொழுப்பும் குறையும். இப்பவே பாத்தா சரி பண்ணிடலாம், ஈரல்ல தழும்பு விழுந்துட்டா கஷ்டம்" என்றார் டாக்டர். இனிப்பையும் மைதாவையும் விட வேண்டும், சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்ட வேண்டும், தினமும் வேகமாக நடக்க வேண்டும். கடற்கரையில் தவறாமல் நடந்தேன். நடந்துவிட்டுத் தவறாமல் சாப்பிட்டேன். சக நிருபர் வீட்டுக் காதுகுத்து என்றால் ஒரு லட்டு, திருக்கழுக்குன்றம் போனால் ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் (கடவுள் கொடுப்பதில் கணக்குப் பார்ப்பதா?). அடுத்த முறை பார்த்தபோது எடை கூடியிருந்தது.

"விசேஷம் இல்லாத நாளே உங்களுக்குக் கிடையாதா சார்?" என்று கேட்டார் டாக்டர்.

இனி யார் வீட்டு விசேஷமானாலும் இனிப்பைத் தொடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். அந்த வாரம் வந்த விசேஷம் இது.

தட்டு என் முன்னால் வந்தது. "வேணாங்க" என்றேன்.

பெண்ணுக்கு அப்பா இல்லை. எல்லா முடிவும் பெரியப்பாவுடையது. நான்கு லாரி வைத்திருப்பவர், குரலும் அந்த அளவில் இருந்தது.

"இன்னா சார், பொண்ணு வேணாமா, கேசரி வேணாமா?"

"கேசரிதாங்க."

"பொண்ணு கிண்டுன கேசரி சார் அது."

அக்கா முழங்கையால் இடித்தாள். "ஒரு வாய் துன்னு தொலைடா. செத்தா பூடுவ?"

சுருக்கமாகவும் சரியாகவும் சொன்னால் யாருக்கும் புரியும் என்று நம்புகிற தொழில் என்னுடையது. இரண்டே சொல்லில் சொன்னேன்.

"எனக்குக் கொழுப்புங்க."

"அதான் தெரியுதே" என்றார் பெரியப்பா.

பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். நான் உடனே போட்டேன். "அந்தக் கொழுப்பு இல்லீங்க. ஈரல்ல கொழுப்பு."

"ஈரலா? அய்யய்யோ, குடிக்கிறவரா?" என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். அந்தச் செய்தி சமையலறைக்குள் போய்த் திரும்பும்போது அதில் 'டெய்லி' சேர்ந்திருந்தது. பெண்ணின் அம்மா வாசற்படியில் வந்து நின்று என்னைப் பார்த்தார். பிறகு பிரபுவைப் பார்த்தார். (பிரபு அதுவரை குடித்ததில் காட்டமானது பன்னீர் சோடா.)

"குடிக்காதவங்களுக்கும் வரும்ங்க. இனிப்பு, மைதா, உக்காந்தே கெடக்கிறது... தெனம் நடக்கச் சொல்லியிருக்காங்க..."

"குடிக்கிறவன் எல்லாம் இத்ததான் சொல்லிகினு கீறான்" என்றார் பின்னால் ஒருவர்.

"மாமா, ப்ளீஸ்" என்றான் பிரபு. அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

கையை நீட்டினேன். கேசரியின் சூடு விரலில் பட்டது. 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. பல மாதமாக நான் கேட்டுப் பழகிய என் குரல்தான். கையை இழுத்துக்கொண்டு எழுந்தேன்.

"போறான், போறான், புடிங்க!" என்றாள் அக்கா.

நான் போனது சமையலறைக்கு. பெண்ணின் அம்மா பின்னாலேயே ஓடி வந்தார்.

"வீட்டுக்கு என்னம்மா சமைச்சீங்க?"

"முருங்கக்கீரை வதக்கி வச்சிருக்கேன். அது எங்களுக்கு. சம்பந்திங்களுக்குப் போய் கீரைய..."

"அதைக் குடுங்க. அதுல கை நனைக்கிறேன்."

கூடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தேன். ஒரு கிண்ணம் கீரையைக் கையால் அள்ளிச் சாப்பிட்டேன். மொத்தக் கூட்டமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

இரண்டாவது கிண்ணமும் காலியானபோது பெரியப்பா தொண்டையைச் செருமினார். "கை நனைஞ்சிட்ச்சி. பூ வைங்கம்மா."

அக்கா அழுதாள். என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

கொல்லைக் குழாயில் கை கழுவும்போது பெரியப்பா பக்கத்தில் வந்து நின்றார். இப்போது அந்தக் குரல் பாதிகூட இல்லை.

"சார், அந்த நடக்கறது... எவ்ளோ நேரம் நடக்கணும்?"

"யாருக்குங்க?"

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "எனக்கும் ஈரல்ல கீதுன்ட்டாங்க. வூட்ல சொல்லல. சாராயத்த நான் மோந்துகூடப் பாத்ததில்ல சார். லாரிக்காரன் சொன்னா எவன் நம்புவான்?"

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒன்றை வேண்டாம் என்றால், "இன்னா, கொழுப்பா? வாயிலயா, ஈரல்லயா?" என்று கேட்கிறார்கள். பிரபுவின் மகள்கூடக் கேட்கிறாள். அவளுக்கு ஈரல் என்றால் என்னவென்று இன்னும் தெரியாது. என் ஈரல் சரியாவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

பெரியப்பா இப்போது காலையில் லாரி ஷெட்டுக்கு நடந்தே போகிறார். அவர் மனைவியும் கூட நடக்கிறார்.