கார்டு தூக்கிய சிவப்புக் கொடி

சிவப்புக் கொடியை இறக்கியாயிற்று. இரண்டு படகில் ஒன்றாவது அசைய வேண்டுமே!

எண்ணூர்க் கழியின் நடுவே, மோட்டார் லாஞ்சியில் நின்றபடி ஸ்டானிஸ்லாஸ் விதிப்புத்தகத்தை மறுபடி புரட்டினார். 'சிவப்புக் கொடி இறங்கியதும் படகுகள் புறப்பட வேண்டும்' என்று கொட்டை எழுத்தில்தான் போட்டிருந்தது.

"இன்னாப்பா பாத்துகினு கீறீங்க? கெளம்புங்க!" என்று கத்தினார்.

"செவப்பக் காட்டிட்டு கெளம்பச் சொல்லுதீகளே, கார்டு சார்! வேலை போயிராதா?" என்றார் ரெயில்வே படகிலிருந்த ஆறுமுகநயினார். அவர் எஞ்சின் டிரைவர். கூட இருந்தவர்கள் லோகோ ஷெட்காரர்கள். சிவப்பைக் கண்டால் அவர்கள் கை தானாக பிரேக்கைத் தேடும்.

அது நியாயம். ஆனால் ஹார்பர் படகுக்கு என்ன வந்தது? அவர்களும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, ரெயில்வே படகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டானிஸ்லாசுக்கு ஒன்றும் புரியவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷ மாதா கோயில் திருநாள் படகுப் போட்டிக்கு அவரை நடுவராகப் போட்டதற்குக் காரணம் உண்டு. இராயபுரத்தில் அவர் ரெயில்வே கார்டு. ஸ்டேஷன் மாஸ்டரின் மாமியார் பிளாட்பாரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தபோதும், நேரமாகிவிட்டது என்று பச்சைக் கொடி காட்டிய மனுஷர். தவிர, ரெயில்வே படகில் இருப்பவர்கள் கூட வேலை செய்கிறவர்கள். ஹார்பர் படகில் வருங்கால மாப்பிள்ளை ஹென்றி. இரண்டு பக்கமும் பாசம் இருந்தால் தராசு நேராக நிற்கும் என்று கமிட்டி முடிவு கட்டிவிட்டது.

அந்தத் தராசுக்குள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அவஸ்தை. மகள் ஹில்டாவுக்கு இருபத்தாறு வயது. இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. காலையில் கல்யாணத் தேதி பேசப் போனால், ஹென்றியின் அப்பா பாஸ்கல் முகம் கொடுத்தே பேசவில்லை. "மொதல்ல ரேஸு முடியட்டும் சம்பந்தி. தேதியெல்லாம் அப்பால பேசிக்கலாம்" என்றுவிட்டார். பையன் தோற்றால் பெண் வேண்டாம் என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன அர்த்தம்?

"சரி, பச்சை காட்டறேன். கெளம்புங்க!"

பச்சைக் கொடி ஆடியதும் ரெயில்வே படகு சீறிக்கொண்டு புறப்பட்டது. ஹார்பர் படகும் புறப்பட்டது. ஆனால் கரையை நோக்கிப் போகவில்லை. நேராக ரெயில்வே படகின் விலாவை நோக்கிப் போனது. துடுப்போடு துடுப்பு மோதி, தண்ணீர் தெறித்து, கெட்ட வார்த்தைகள் பறந்தன.

ஹார்பர் படகில் சுக்கான் பிடித்த ராசையா கையைத் தூக்கினார். "எங்க மேலதான் தப்பு கார்டு! ரூல்படி எங்கள அவுட் குடுத்துடுங்க!"

எவனாவது தானே அவுட் கேட்பானா? கோபத்தில் குத்திப் பேசுகிறான் என்று ஸ்டானிஸ்லாசுக்குத் தோன்றியது. கரையில் பாஸ்கல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹில்டாவின் மூன்றாவது சம்பந்தமும் அந்தத் துண்டோடு துடைத்துப் போவதாக இவருக்கு ஒரு கிலி.

"லாஞ்சி அலை தள்ளிடிச்சி! ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல! மறுபடி வுடுங்க!" என்று அவசரமாகத் தீர்ப்புச் சொன்னார்.

லாஞ்சி ஓட்டிய பஷீர் வாயைப் பிளந்தார். "அலையா? எஞ்சினே ஆஃப்ல கீது அண்ணே!"

"நீ சும்மா இரு நைனா!"

மூன்றாம் முறை இரண்டும் ஒழுங்காகப் புறப்பட்டன. பாதி தூரம் வரை ஹார்பர் படகு அரைப் படகு நீளம் முன்னால் இருந்தது. லாஞ்சியில் பின்னாலேயே போன ஸ்டானிஸ்லாஸ் மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். நேர்ந்து முடிப்பதற்குள் ஹென்றியின் கையிலிருந்து துடுப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்க ஹென்றி குனிந்தான். படகு ஒரு சுற்றுச் சுற்றியது. ரெயில்வே படகு நாலு நீளம் முந்திப்போய் எல்லைக்கோட்டைத் தாண்டியது. கோட்டைத் தொடுவதற்கு ஒரு விநாடி முன்னால், ஆறுமுகநயினார் சந்தோஷம் தாங்காமல் எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார்.

ஸ்டானிஸ்லாஸ் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். பதினாலாவது விதி. 'கோட்டைக் கடக்கும்போது படகோட்டிகள் அனைவரும் அமர்ந்திருக்க வேண்டும்.'

அந்த விதியை யாரும் எந்தக் காலத்திலும் பார்த்ததில்லை. அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சிவப்புக் கொடியை உயரத் தூக்கினார்.

"ரெயில்வே அவுட்! எழுந்து நின்னாங்க! ஹார்பர் ஜெயிச்சிது!"

ஆறுமுகநயினார் படகிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று அவரைப் பார்த்தார்.

"இருபது வருசமா ஒங்க பச்சைக் கொடிய நம்பித்தான் எஞ்சினை எடுக்கேன், கார்டு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அவர் நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஸ்டானிஸ்லாஸ் கொடியைச் சுருட்டிக்கொண்டு லாஞ்சியிலிருந்து இறங்கினார். மானம் போனால் போகட்டும், மகள் வாழ்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஹார்பர் படகை நோக்கி நடந்தார். அங்கே ஒரு விசில் சத்தம்கூட இல்லை. பாஸ்கல் மணலில் குந்தியிருந்தார். ஹென்றி படகு விளிம்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கண் கலங்கியிருந்தது.

"இன்னா மாப்ளே, கோப்பைய ஜெயிச்சிட்டு இப்டி பேஜாரா குந்திகினு கீறீங்க?"

ராசையா சுக்கானை மணலில் விட்டெறிந்தார்.

"ரெயில்வே தோத்தா உங்களுக்கு மானக்கேடு, நீங்க பொண்ணே தரமாட்டீங்கன்னு நேத்து உங்க வூட்டம்மா ஆள் வுட்டு சொல்லி அனுப்ச்சாங்க. தோக்கறதுக்கு மூணு தபா நாங்க எம்மாம் பாடுபட்டோம்! பாவி மனுசா, தோக்க வுட்டியா நீ?"