ஏழை அறைக்கு ஒரு கம்பளி

ரோமாபுரியில் போதும்சாமிகள் என்று ஓர் இனம் உண்டு. வயிறு முட்டத் தின்றுவிட்டு, ஏப்பத்துக்கும் ஏப்பத்துக்கும் நடுவே, "மனுஷனுக்கு என்னய்யா வேணும், ஒரு பிடி பருப்பு போதாதா?" என்று கேட்பவர்கள். பளிங்குத் தூண், தந்தக்கால் மேசை, மீனுக்கு ஒரு குளம், அந்த மீனுக்குத் தோடு, இத்தனைக்கும் மத்தியில் மாளிகையின் ஒரு மூலையில் 'ஏழை அறை' என்று ஒன்று கட்டி வைத்திருப்பார்கள். அவ்வப்போது அதற்குள் போய்க் கோரைப்பாயில் படுத்து, காய்ந்த ரொட்டியைக் கடித்து, வறுமையை ருசி பார்த்துவிட்டு வருவார்கள். வறுமை என்ன ஊறுகாயா? கேட்காதீர்கள். கேட்டால் தத்துவம் சொல்வார்கள்.

ஃபுஃபீடியஸ் இந்த இனத்தில் முதல் தரம். தினம் விடிகாலையில் அவர் வாசலில் கும்பிடு போட்டு, கூடையில் விழுவதை வாங்கிப் பிழைக்கும் கூட்டத்தில் ஓப்பியஸும் ஒருவன். பல் கிட்டும் டிசம்பர் குளிரில் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டார்.

"என் ஏழை அறையில எல்லாமே புதுசா இருக்குப்பா. உண்மையான ஏழ்மை வாசனை வரல. உன் வீட்டுக் கம்பளி ஒண்ணு குடு."

"எஜமான், இருக்கறதே ஒண்ணுதான்..."

"ஒண்ணே போதும்ப்பா! நான் என்ன பேராசைக்காரனா?"

அந்த ஒன்றுக்கு அடியில்தான், ஐந்தாம் மாடி ஒண்டுக்குடித்தனத்தில், ஓப்பியஸின் மகள் இருமிக்கொண்டு கிடந்தாள். அவன் மனைவி வெதூரியா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தலையாட்டிட்டு வந்துட்டீராக்கும்?"

"முடியாதுன்னா நாளைக்கு வாசல்லயே ஏத்த மாட்டாரு. ரொட்டிக்கு எங்க போறது?"

"குடுப்போம். தாராளமாக் குடுப்போம்."

மண்சட்டியோடு இறங்கினாள். மாடிக்கு மாடி மூட்டைப்பூச்சி வசூல். ஒரு சிட்டிகை உப்புக்கூடக் கைமாற்றுத் தராத மூன்றாம் மாடிக்காரி, கட்டிலையே கவிழ்த்துத் தட்டினாள்: "பெரிய வீட்டுக்கா? வெக்கப்படாம எடுத்துக்க தாயி, உள்ள இன்னொரு கட்டிலும் இருக்கு!"

மறுநாள் மத்தியானம் ஃபுஃபீடியஸ் நண்பர்களை ஏழை அறை வாசற்படியில் நிறுத்திவைத்து, அந்தக் கம்பளியைப் போர்த்திப் படுத்தார். "இயற்கையோட ஒட்டி வாழ்றவனுக்கு..." என்று ஆரம்பித்தார். இயற்கை ஒட்டிக்கொண்டது. கழுத்தில், அக்குளில், சொல்லக் கூசும் இடங்களில். வாக்கியம் முடியவே இல்லை. "தூக்கி எறிங்கடா இந்தச் சனியனை!"

கம்பளி ஜன்னல் வழியே பறந்தது. கீழே சுவரில் சாய்ந்து நின்ற வெதூரியா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"போதுமா எஜமான்?"

அவர் கோபிக்கவும் வழியில்லை. உண்மையான ஏழ்மை கேட்டவர் அவர்தானே! தடிப்புகளைப் பதக்கம்போல் நண்பர்களுக்குக் காட்டி, "வறுமையையே ஜெயிச்சுட்டேன்" என்றார். கம்பளியோ கொதிநீரில் முங்கி, பொதுக் குளிப்பிடத்து அடுப்பருகே காய்ந்து, பொழுது சாய்வதற்குள் மகள்மேல் ஏறிவிட்டது. அவள் அதை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். இருமல் அடங்கி, மூச்சு மட்டும் கேட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், மெத்தையில் காலை நீட்டிக்கொண்டு, "இருக்கிறதை வெச்சுத் திருப்தியா இருக்கப் பழகணும்மா" என்று வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம் சொன்னது யார்? முதுகைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். எங்கேயோ அரிக்கிற மாதிரி இல்லை?