எச்சரிக்கை இல்லா அலுவலகம்

மனித குலம் நெருப்பைக் கண்டறிந்த பிறகு செய்த மாபெரும் காரியம், செனாய் தொழிற்பேட்டையின் மென்பொருள் நிறுவனமொன்றில் மேலாளர் குணாளன் தொடங்கிய ‘எச்சரிக்கை இல்லா அலுவலகம்’ இயக்கம்தான்.

இயக்கத்தின் முதல் தொண்டர் யோகேஸ்வரி. கிடங்கில் பொருள் அடுக்கும் இயந்திரக் கைக்கு நிரல் எழுதுபவள். வேறொரு நிரலிலிருந்து அவளுக்கு ஒரு பட்டியல் வரும். உள்ளே என்ன வகைப் பொருள் என்று அதில் இருக்காது. அதற்கு அவளே ‘தலையணைப் பட்டியல்’ என்று பட்டம் சூட்டினாள். புரோகிராமர்கள் இதைக் ‘காஸ்ட்’ என்பார்கள். உடனே நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை முனகியது: ‘இது பட்டியல்தான். உள்ளே இருப்பதெல்லாம் தலையணைதானா என்பதற்கு நான் பொறுப்பல்ல.’

“அலமாக்! நாளைக்கு டைரக்டர் வராரு. இன்னும் மஞ்சளா இருக்கே?” என்று பதறினார் குணாளன்.

“ஒவ்வொண்ணும் தலையணையான்னு பாத்துப் புதுப் பட்டியல்ல போட்டுடறேன் பாஸ். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்.”

“எதுக்கு லா? மேல ஒரு வரி போட்டா வார்னிங் மறைஞ்சிடும்ல?”

“வார்னிங்தான் மறையும். உள்ள இருக்கறது மாறாது பாஸ்.”

“பாசிட்டிவா யோசிம்மா! உனக்கு வேலை நிரந்தரம் ஆகணுமா வேணாமா?”

அவள் அந்த வரியைப் போட்டாள். மஞ்சள் மறைந்தது. கேக் வெட்டப்பட்டது.

மறுநாள் இயக்குநர் சோமசேகரம் கிடங்கைப் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத் தமிழ் நாவைவிட்டு இன்னும் போகாத மனிதர். இயந்திரக் கை தலையணைகளை அவர் தலைக்கு மேலாகவே பவனி கொண்டுபோய் அடுக்கியது. அவர் மெய்மறந்து நின்றார். அடுத்து அது தூக்கியது, பட்டியலுக்குள் எப்படியோ புகுந்துவிட்ட ஆயர் ஈத்தாம் ஊர்ப் பீங்கான் பூந்தொட்டி ஒன்றை. எவ்வளவு அமுக்கலாம் என்று நிரல் அதனிடம் தலையணையின் மென்மையைக் கேட்டது. தொட்டிக்கு ஏது மென்மை? நிரல் அங்கேயே உயிரை விட்டது. கை அந்தரத்தில் நின்றது. பிடி நழுவியது.

யோகேஸ்வரி பாய்ந்து இயக்குநரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நின்ற இடத்தில் தொட்டி விழுந்து சிதறியது.

“ஒரு எச்சரிக்கையும் வரேல்லையோ?” என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

“எங்க ஆபீஸ்ல வார்னிங்கே வராது சார்!” என்று நெஞ்சை நிமிர்த்திய குணாளன், அவள் பக்கம் சீறினார். “யோகேஸ், இது உனக்குக் கடைசி வார்னிங்!”

“சரி பாஸ்,” என்றாள் அவள் பணிவாக. “இதையும் மறைச்சிடட்டுமா?”

சோமசேகரம் மெல்லத் திரும்பினார்.

“‘இதையும்’ எண்டால்… முந்தி எதை மறைச்சனீர், குணாளன்?”