முப்பத்தேழு டிகிரிக்கு மேல் ஓய்வு

கொரோனாவுக்கு வாங்கிய நெற்றி வெப்பமானிகளில் அறுநூறு மிச்சம். சும்மா கிடந்தால் மேலே கேட்பார்கள். ஆகவே மன்னார்புரத்தில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். பெயர், கைக்கருவிகள் வெப்பநிலைப் பேணல் பிரிவு.

முதல் சுற்றறிக்கை வந்தது. "வேலை செய்யும் எதுவும் முப்பத்தேழு டிகிரியைத் தாண்டுமாயின், அது காய்ச்சல் கண்டதாகக் கருதப்பட்டு, ஆறும் வரை வேலையினின்றும் விலக்கி வைக்கப்படும்."

எங்கள் பக்கத்து வீட்டு டோரதி டீச்சருக்கு அலமாரி மாட்ட, ஆசீர் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். திருவெறும்பூர்ப் பையன். இருப்பது ஒரே டிரில் மெஷின். அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

உதவி இயக்குநர் ஸ்ரீரங்கராஜன் ஜீப்பில் வந்து இறங்கினார். மெஷினுக்கு நெற்றி எது என்று சுற்றிச் சுற்றித் தேடினார். ஓர் இடத்தைத் தீர்மானித்து அளந்தார்.

"நாற்பத்தொண்ணு! ஏம்ப்பா, இந்த நிலைமையில இதை வேலை வாங்கறியே, மனசாட்சி இருக்கா?"

"வேலை செஞ்சா சூடாகத்தான் சார் செய்யும். உள்ளே மோட்டார் சுத்துது. கொஞ்ச நேரம் வெச்சா தானா ஆறிடும்."

"யாருகிட்ட கதை விடறே? எங்க ஆபீஸ்ல சாம்பிளுக்கு ஒரு மெஷின் இருக்கு. ஒரு நாளாவது சூடாயிருக்கா?"

"ஓட்டியிருக்கீங்களா சார்?"

"எதுக்கு ஓட்டணும்?"

மெஷினைக் கொண்டுபோனார்கள். சுவரில் பாதி ஓட்டை.

ஓய்வு அறை மாடியில். தகரக் கூரை. மே மாதம். ஆசீர் தினமும் போனான். துணைக்கு நான். எழுத்தர் கமலவல்லி ஜன்னல் வழியாக அளந்து சொல்வாள்.

"முப்பத்தொன்பதுங்க. இறங்கவே மாட்டேங்குது. நல்லா ஓய்வெடுக்கட்டும்."

"அறையே கொதிக்குதேம்மா!" என்றேன்.

"அறையை அளக்க உத்தரவு இல்லீங்க பெரியவரே."

பதினோராம் நாள் ஸ்ரீரங்கராஜன் தாமே அளக்க உள்ளே போனார். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு இறுகிவிட்டது. எந்தப் பக்கம் சாவி போட்டாலும் திரும்பவில்லை.

அரை மணியில் அவர் குரல் இளகிவிட்டது.

"ஆசீர்! தம்பி! உன் மெஷின் இங்கேதான் இருக்கு. எப்படி ஓட்டறதுன்னு சொல்லு, பூட்டைத் துளைச்சுடறேன்!"

கமலவல்லி குறுக்கிட்டாள். "சார், அது ஓய்வுல இருக்கு. வேலைக்கு விட ஆர்டர் வேணும்."

"நான் போடறேன் ஆர்டர்!"

ஜன்னல் கம்பி வழியாக அவர் நெற்றியை அளந்தாள். முப்பத்தெட்டரை. முப்பது வருஷ சர்வீஸில் அவர் சூடானது அன்றுதான்.

"'வேலை செய்யும் எதுவும்'னு நீங்கதான் சார் எழுதினீங்க. ஆறின பிறகு கையெழுத்துப் போடுங்க."

கீழே ஏசி அறையில், அவர் மேஜைமேல் அந்தச் சாம்பிள் மெஷின். பெட்டியிலிருந்து எடுத்துப் பொட்டு வைத்ததோடு சரி. இருபத்துநாலு டிகிரி. அந்தக் கட்டடத்தில் சட்டப்படி வேலைக்குத் தகுதி அது ஒன்றுக்குத்தான். கமலவல்லி பதிவேட்டில் ஏற்றிவிட்டு எடுத்துக் கொடுத்தாள். ஆசீர் ஐந்து நிமிஷத்தில் பூட்டைத் துளைத்தான்.

ஸ்ரீரங்கராஜன் வெளியே வந்தார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். முதல் காரியமாகச் சாம்பிள் மெஷினைப் பிடித்து அளந்தார். நாற்பத்திரண்டு.

"இதையும் உள்ளே வை. ஆசீர், கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டிட்டுப் போ."

"எதை வெச்சு சார்?"

புதுப் பூட்டு மாட்டும் வரை வாசலுக்கு ஒரு காவலாளியைப் போட்டார்கள். மறுநாள் டெண்டர் வந்தது. எவ்வளவு வேலை செய்தாலும் சூடாகாத டிரில் மெஷின்கள், எண்ணிக்கை இருநூறு.

படிவம் வாங்கும் வரிசையில் முதல் ஆள் ஆசீர்.

"டேய், அப்படி ஒரு மெஷின் உலகத்திலேயே கிடையாதேடா. எப்படிக் கொடுப்பே?" என்றேன்.

"மோட்டாரைக் கழட்டிட்டுக் கொடுப்பேங்க. அங்கே யாரு ஓட்டிப் பார்க்கப் போறா?"

நியாயம்தான். அவன் பின்னால் நின்றுகொண்டேன்.