மோட்டாரை ஓடவைத்த கீரி

ஒரு காட்டில், அதுவும் அரசாங்கக் கணக்கில் மட்டும் காடாக இருந்து, நேரில் போனால் கருவேல முள்ளும் கல்குவாரியுமாகக் கிடந்த ஒரு காட்டில், விலங்குகளுக்கென்று மேல்நிலைப் பள்ளி ஒன்று நடந்துவந்தது. நல்ல மதிப்பெண் எடுத்த மான்களும் மயில்களும் அறிவியல் பிரிவுக்குப் போயின. மற்றவற்றைத் தலைமையாசிரியர் ஏகாம்பரக் கரடி தொழிற்கல்விப் பிரிவில் தள்ளினார். "படிப்பு ஏறாததுகளுக்குக் கைத்தொழில்" என்று காலைக் கூட்டத்தில், அவற்றை முன்னால் நிற்க வைத்துக்கொண்டே, அன்பொழுக விளக்குவார்.

தள்ளப்பட்டவர்களில் பவளக்கொடி என்ற கீரிப்பெண்ணும் ஒருத்தி. அவளுக்கு அதில் வருத்தமில்லை. எலக்ட்ரிக்கல் பிரிவு, கையால் வேலை செய்யலாம் என்று ஆசையோடு போனாள்.

எலக்ட்ரிக்கல் ஆசிரியர் மாசிலாமணி ஒரு உடும்பு. பள்ளியில் தொழிற்கூடம் இருந்தது. புத்தம் புதுக் கருவிகளும் இருந்தன, பாலித்தீன் உறை பிரிக்காமல். உடும்பு அதன் சாவியைத் தன் பிடிக்குள் வைத்திருந்தது. உடும்பின் பிடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. செய்முறை வகுப்பில் ஸ்குரூ டிரைவரைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும். நன்றாக வரைந்தால் அடுத்த வாரம் பிளையர் வரையலாம்.

"சார், ஒரே ஒரு தடவை டெஸ்டரைத் தொட்டுப் பாக்கட்டுமா?" என்று பவளக்கொடி கேட்டாள்.

"தொட்டா தேஞ்சிரும்மா. இன்ஸ்பெக்‌ஷனுக்கு யார் பதில் சொல்றது?"

கோடையில் பள்ளியின் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. மோட்டார் வேலை எல்லாம் ஒப்பந்தக்காரர் ஆளவந்தார் நரிக்கு விடப்பட்டிருந்தது. மேலிடத்து உத்தரவு வந்தால் அவர் வருவார், உத்தரவு வரவில்லை. சிறுசுகள் தண்ணீருக்குக் குவாரிக் குட்டைக்கு நடந்தன. அங்கே ஒரு முதலை குடியிருந்தது. ஆறாம் வகுப்பு முயல் ஒன்று வாளியோடு போனது, வாளி மட்டும் மிதந்தது. பள்ளி அரை நாள் விடுமுறை விட்டது. குட்டையோரம் 'கவனம்' என்று பலகை வைக்கலாமா என ஆசிரியர்கள் கூடிப் பேசினார்கள்.

 மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் பவளக்கொடி தொழிற்கூடக் கதவின் அடிச் சந்தில் உடம்பை நெளித்து நுழைந்தாள். உறைகளைப் பல்லால் கிழித்துக் கருவிகளை எடுத்தாள். மோட்டார் அறைக்குப் போய் மெயினை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தாள். ஒரு வயரின் முனை கருகித் தளர்ந்திருந்தது. கருகியதை வெட்டி, புது முனை சீவி, திருகி இறுக்கினாள். மெயினைப் போட்டு பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மோட்டார் உறுமியது. குழாயடியில் பள்ளியே கூடிவிட்டது. அணில்கள் தண்ணீரில் புரண்டன. கரடி கூட வயிறு முட்டக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"யாரு இதைச் சரி பண்ணினது?"

"நான்தான் சார்" என்றாள் பவளக்கொடி, பெருமை தாங்காமல்.

கரடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுநாள்தான் செய்முறைத் தேர்வு. அதை நடத்த வரும் மாவட்ட அலுவலர் கழுகு, மோட்டார் பழுதுக்கான உத்தரவையும் கையோடு கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தது.

கழுகு வந்து இறங்கியது. விஷயத்தைக் கேட்டதும் இறக்கையை உதறியது. "ஓடுற மோட்டாருக்கு எப்படிய்யா ரிப்பேர் உத்தரவு குடுக்கிறது? பழையபடி ஆக்குங்க."

கரடி பெரிய கல்லைத் தூக்கினார்.

"அரசுச் சொத்துய்யா! உடையக் கூடாது. பழுது மட்டும் ஆகணும்" என்று கழுகு தடுத்தது.

எல்லோரும் உடும்பைப் பார்த்தார்கள். உடும்பு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தது, உள்ளே கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தது, மூடியது. "வேணும்னா வரைஞ்சு காட்டறேங்க ஐயா" என்றது.

கடைசியில் பவளக்கொடியைக் கூப்பிட்டார்கள்.

"இதான் உனக்குச் செய்முறைத் தேர்வு" என்றது கழுகு. "பழையபடி ஆக்கினா முழு மதிப்பெண். இல்லேன்னா கதவுச் சந்துல நுழைஞ்ச குற்றத்துக்கு டி.சி."

"ஐயா, சின்னப் பிள்ளைங்க திரும்பக் குட்டைக்குப் போகணுமே. முதலை இருக்கே."

"அது சுகாதாரப் பிரிவு பாத்துக்கும்" என்றார் கரடி. "நீ எலக்ட்ரிக்கல்."

பவளக்கொடி வெளியே எட்டிப் பார்த்தாள். செத்துப்போன முயலின் தங்கை குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, அது நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பவளக்கொடி திரும்பிக் கழுகைப் பார்த்தாள். டி.சி. வாங்கினால் பாலிடெக்னிக் கிடையாது, வேலை கிடையாது. மெயினை அணைத்தாள். கை நடுங்கியதால் திருகு இரண்டு முறை நழுவியது. வயரைக் கழற்றிவிட்டாள்.

வெளியே தண்ணீர் சொட்டி நின்றது. குடம் பாதிகூட நிறையவில்லை.

"அருமை!" என்று கழுகு முழு மதிப்பெண் போட்டது. உடும்பு, தன் மாணவி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டது. கரடி கைதட்டினார்.

உத்தரவு கிடைத்ததும் வந்து சேர்ந்த நரி மட்டும் அவளைத் தனியாக அழைத்தார். "சரி பண்ண என்கிட்ட ஆள் இருக்கும்மா. சரியான சமயத்துல பழுதாக்கத்தான் ஆள் இல்ல. வேலைக்கு வர்றியா?"

பவளக்கொடி பாலிடெக்னிக் போகவில்லை. இப்போது கோடை தொடங்கும் முன்பே பள்ளி பள்ளியாகப் போய்வருகிறாள். கம்பெனி வண்டி கொடுத்திருக்கிறார்கள். கை நடுக்கம் முதல் வருடத்தோடு நின்றுவிட்டது.

நீதி: தொழில் தெரிந்தவர் எப்படியும் பிழைத்துக்கொள்வார், தண்ணீர் எடுக்கப் போகிறவர்தான் பிழைக்க மாட்டார்.